ஹாஸ்லிபெர்க்கில் ஒரு வாரம்: பனிச்சறுக்குப் பழகும் பிள்ளைகளுக்கு ஏற்ற மலையைத் தேடி

சனிக்கிழமை, ரொய்ட்டி

இன்று காலை சுவிசின் பேர்ண் நகரில் தொடருந்து ஏறி, இன்டர்லாக்கன் கிழக்கு நிலையத்தில் மாறி, பிறியன்ஸ் ஏரியின் கரையோரமாகச் செல்லும் குறுகிய பாதைத் தொடருந்தில் மைரிங்கன் வந்து இறங்கினோம். எங்கள் ஐந்து வயது மகன் நடைமேடையில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அம்மா, பனி எங்கே?" என்று கேட்டான். 595 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் புல்வெளிகள் பச்சையாகவே கிடந்தன. பெட்டிகளை இழுத்துக்கொண்டு கேபிள் கார் நிலையத்துக்கு நடந்து, அங்கிருந்து சில நிமிடங்களில் ஹாஸ்லிபெர்க் மலையில் உள்ள ரொய்ட்டி என்ற ஊருக்கு ஏறினோம். இங்கே கூரைகளின் வடபுறத்திலும் வேலிகளின் ஓரத்திலும் பனி இருக்கிறது. அதற்கு மேலே மரங்கள் முழுவதும் வெள்ளையாக நிற்கின்றன. அதைக் கண்ட பிறகுதான் மகன் என் கையை விட்டான்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் மகளின் வகுப்பாசிரியர் நவம்பரில் அனுப்பிய ஒரு படிவம். மார்ச் நடுப்பகுதியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் ஸ்கீ லாகர் எனப்படும் ஐந்து நாள் பனிச்சறுக்கு முகாமுக்குப் போகிறார்கள். பிள்ளையின் திறன் எந்த அளவில் இருக்கிறது என்று குறிப்பதற்கு அதில் மூன்று கட்டங்கள் இருந்தன: ஒருபோதும் சறுக்கியதில்லை, சிறிது பழக்கம் உண்டு, நன்றாகச் சறுக்குவார். மகள் அதை நிரப்பாமல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்துவிட்டு, அதைப் பற்றி எவரும் பேசாதபடி பார்த்துக்கொண்டாள்.

அவளுடைய மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம். யாழ்ப்பாணத்தில் இருந்து பதினான்கு வயதில் இந்த நாட்டுக்கு வந்த நான், அடுத்த குளிர்காலத்தில் வகுப்புத் தோழிகள் லாகர் போனபோது, காய்ச்சல் என்று அம்மாவிடம் சொல்லிக் கடிதம் வாங்கிக் கொடுத்து, வீட்டில் நின்றுகொண்டேன். சறுக்கத் தெரியாதது ஒரு பக்கம். அதற்குரிய உடையும் சப்பாத்தும் எங்களிடம் இருக்கவில்லை, அவற்றை யாரிடம் இரவல் கேட்பது என்றும் தெரியவில்லை. அதே அம்மா இப்போது அறுபத்தெட்டு வயதில், பிள்ளைகளின் அம்மம்மாவாக எங்களுடன் வந்து, பக்கத்து அறையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

எங்கே போவது என்று தீர்மானிக்க எங்களுக்கு மூன்று வாரங்கள் ஆயின. எங்களைப் போன்ற வேறு குடும்பங்களுக்கு உதவக்கூடும் என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கணவர் முதலில் கிறிண்டெல்வால்டைச் சொன்னார். பெயர் பெற்ற இடம், ஐகர் மலை கண்ணுக்கு எதிரே நிற்கும், 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ஐகர் எக்ஸ்பிரஸ் என்ற கேபிள் கார் கால் மணி நேரத்தில் பனியாற்றின் விளிம்புக்கே கொண்டுபோய்விடும். கிறிண்டெல்வால்ட், வெங்கன், மியூறன் மூன்றும் சேர்ந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சறுக்குப் பாதைகள் அங்கே உண்டு. ஆனால் ஒருபோதும் சறுக்கியிராத பிள்ளை முதல் மூன்று நாட்களில் பயன்படுத்தப்போவது நூறு மீட்டர் நீளமான ஒரு சரிவைத்தான். இரண்டாம் வாரத்திலும் அவளுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போதும். மலைகள் தங்களை விளம்பரப்படுத்தும்போது பாதைகளின் நீளத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. கட்டணமும் ஏறக்குறைய அந்த நீளத்தோடு சேர்ந்தே ஏறுகிறது. பெரிய மலைகளில் பெரியவருக்கான ஒரு நாள் லிஃப்டுச் சீட்டு 80 பிராங்கைத் தாண்டிவிட்டது. நடுத்தர மலைகளில் 60, 70 பிராங்க் அளவில் இருக்கிறது. எங்கள் குடும்பம் தொடப்போகாத கிலோமீட்டர்களுக்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று நான் கேட்டபோது, கணவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வரைபடத்தை மடித்து வைத்தார்.

அதன் பிறகு நாங்கள் வேறு கேள்விகளைக் கேட்கத் தொடங்கினோம். தொடக்கநிலைப் பிள்ளைகள் பழகும் இடம் எந்த உயரத்தில் இருக்கிறது? அது ஊரின் அடியில் இருந்தால், வெப்பமான குளிர்காலத்தில் அங்கே பனியே இராது. சறுக்காத ஒருவர் அந்த இடத்துக்குக் கால்நடையாகவோ, கம்பியில் தொங்கிச் செல்லும் மூடிய பெட்டியான கொண்டோலாவிலோ போய்ச் சேர முடியுமா? நாற்காலி லிஃப்டோ, இழுத்துச் செல்லும் கொக்கி லிஃப்டோ மட்டும் இருக்குமானால் அம்மம்மா ஐந்து நாளும் வீட்டில்தான் இருப்பார். குசினி உள்ள வீடு நடக்கும் தூரத்தில் கிடைக்குமா? எங்களிடம் மகிழுந்து இல்லாதபடியால் பொதுப் போக்குவரத்தில் எத்தனை முறை மாற வேண்டும்?

வலே மாநிலத்தில் உள்ள கிறேகன் இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றில் தேறியது. ஊரே 1619 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பழகும் ஹன்னிக் அல்ப் 2100 மீட்டருக்கு மேலே. அங்கே கொண்டோலா போகிறது. பனிக்கு ஏறக்குறைய உத்தரவாதம். ஆனால் பேர்ணில் இருந்து விஸ்ப், விஸ்பில் இருந்து சங்க்ட் நிக்லவுஸ், அங்கிருந்து அஞ்சல் பேருந்து என்று, ஐந்து பேரின் மூட்டைகளோடும் அம்மாவின் முழங்கால் வலியோடும் மாறி மாறி ஏறுவதை நினைத்துப் பின்வாங்கினோம். லூட்சேர்ன் மாநிலத்துச் சோரன்பெர்க் மலிவாகவும் அருகாகவும் இருந்தது. எங்கள் விடுமுறை வாரத்தில் நடக்கும் தூரத்தில் வீடு கிடைக்கவில்லை. கடைசியில் எஞ்சியது மைரிங்கன்-ஹாஸ்லிபெர்க். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் பாதை. 1423 மீட்டர் உயரத்தில் உள்ள பிட்மியில் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிய இடம். ரொய்ட்டியில் இருந்து பிட்மி வழியாக மேகிஸ்அல்ப் வரை எவரும் ஏறிச் செல்லக்கூடிய கொண்டோலா. பேர்ணில் இருந்து ஒரு தடவை தொடருந்து மாறி, பிறகு கேபிள் கார்.

வாரத்தைத் தெரிவு செய்யும் சுதந்திரம் எங்களுக்கு இருக்கவில்லை. பேர்ண் பள்ளிகளின் விளையாட்டு வாரம் எனப்படும் விடுமுறை பெப்ரவரியில் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரியைச் சேமிக்கப் பள்ளிகளை மூடியதில் இருந்து வளர்ந்த வழக்கம் இது. பிள்ளைகள் இன்னும் பாலர் பள்ளிக்குப் போகாத குடும்பங்கள் ஜனவரி நடுப்பகுதியையோ மார்ச்சையோ தெரிந்துகொள்ள வேண்டும். அதே வீடு அப்போது குறிப்பிடத்தக்க அளவு குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். மாநிலத்துக்கு மாநிலம் விடுமுறை வாரம் வேறுபடுவதையும் பார்த்துப் பதிவு செய்தால் கூட்டம் குறையும்.

போக்குவரத்தில் நன்றாகவே மிச்சம் பிடித்தோம். மகளுக்கு ஆண்டுக்கு 30 பிராங்க் விலையுள்ள யூனியர் அட்டை இருக்கிறது. பெற்றோருடன் பயணம் செய்யும்வரை அதற்கு மேல் அவளுக்குச் சீட்டு வேண்டியதில்லை. ஆறு வயது ஆகாத மகனுக்கு எதுவும் இல்லை. பெரியவர்கள் மூவரிடமும் அரைக்கட்டண அட்டை உண்டு.

ஒரு குறையையும் எழுதிவிடுகிறேன். நாங்கள் எடுத்த வீட்டின் வாடகை இணையத்தில் கண்டபடி இல்லை. இறுதிச் சுத்திகரிப்புக்கும் படுக்கை விரிப்புக்கும் தனித்தனியாகக் கேட்டார்கள், தலைக்கு இத்தனை என்று நாள்தோறும் சுற்றுலா வரி வேறு. எல்லாம் சேர்ந்து ஒரு நாள் வாடகைக்கு நிகராகிவிட்டது. முன்பணம் செலுத்த முன்னரே, கடைசி நாளில் கையில் இருந்து போகும் மொத்தத் தொகை என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

இன்று சறுக்கு இல்லை, ஆயத்தம் மட்டும்.

பிள்ளைகளின் ஸ்கீ எனப்படும் சறுக்குப் பலகைகளையும் சப்பாத்தையும் தலைக்கவசத்தையும் நாங்கள் பேர்ணிலேயே நவம்பரில் பருவம் முழுவதற்கும் வாடகைக்கு எடுத்துவிட்டோம். மலையில் ஐந்து நாளுக்குக் கொடுக்கும் வாடகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், ஏப்ரல் வரை அவை வீட்டில் இருக்கும். மார்ச் லாகருக்கும் அதுவே போதும். உடைகளைப் பழைய பொருட்கள் விற்கும் புறோக்கன்ஹவுசில் வாங்கினோம். பிள்ளைகள் ஒரு பருவத்துக்குள் வளர்ந்துவிடுவதால், அங்கே கிடைக்கும் காற்சட்டைகள் ஏறக்குறைய புதியனவாகவே இருக்கின்றன. இலையுதிர் காலத்தில் பல ஊர்களில் நடக்கும் ஸ்கீப் பரிமாற்றச் சந்தைகளுக்கும் போகலாம்.

பணத்தைச் சேமிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது சப்பாத்து. வளரும் பிள்ளைதானே என்று ஓர் அளவு பெரிதாக எடுப்பது நம்மவர்களின் பழக்கம். ஸ்கீச் சப்பாத்தில் அது கால் உள்ளே நழுவி, திருப்பும் விசை பலகைக்குப் போய்ச் சேராமல், பிள்ளை விழுந்துகொண்டே இருக்கக் காரணமாகிறது. பாதத்தின் நீளத்தைச் சென்ரிமீட்டரில் அளந்ததுதான் அதன் அளவு. உள்ளே ஒரே ஒரு மெல்லிய நீண்ட காலுறை அணிய வேண்டும். இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிரும். சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டைப் பிள்ளையின் எடை, உயரம், வயது, திறன், சப்பாத்தடியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு கடைக்காரர் பொருத்துகிறார். விழும்போது அது தானாகக் கழன்றால்தான் முழங்கால் தப்பும் என்பதால், நவம்பரில் அளந்ததில் இருந்து மகள் இரண்டு கிலோ கூடியிருப்பதை இன்று இங்குள்ள கடையில் சொல்லி, மீண்டும் பொருத்தச் செய்தோம்.

முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்பவள் என்பதால் தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுத்த தோலுக்குச் சூரியக் களிம்பு வேண்டியதில்லை என்று எங்கள் உறவினர் பலர் நம்புகிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறும்போது புற ஊதாக் கதிர்கள் ஏறக்குறைய பத்து வீதம் கூடுகின்றன. புதிய பனி அவற்றில் எண்பது வீதம் வரை திருப்பி அனுப்புகிறது. மூக்கின் கீழ்ப்புறமும் தாடையும் கூட எரியும். கண்ணாடியும் களிம்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

மாலையில் அம்மா நாளைக்கென்று ரோல்சும் கட்லட்டும் சுட்டார். மலை உணவகத்தில் ஒருவருக்குச் சூடான உணவு எளிதில் இருபது பிராங்கைத் தாண்டும். ஐந்து பேருக்கு ஐந்து நாள் என்று கணக்குப் பார்த்தால், அந்தத் தொகைக்கு இன்னொரு பிள்ளையை ஸ்கீப் பள்ளியில் சேர்த்துவிடலாம்.

திங்கட்கிழமை, பிட்மி

ஜெர்மன் மொழியில் முயற்குட்டியைச் சுவிஸ் மக்கள் ஹேஸ்லி என்பார்கள். ஹாஸ்லிபெர்க்கின் பெயரோடு அதைப் பிணைத்து, பிட்மியில் பிள்ளைகள் பழகும் இடத்துக்கு ஸ்கீஹேஸ்லிலாண்ட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கொண்டோலாவில் இருந்து இறங்கினால் சற்று நடந்தவுடன் அது வந்துவிடுகிறது. பிள்ளைகளைப் பின்னால் அடித்து வீழ்த்தக்கூடிய வேகமான சறுக்குநர்கள் அதற்குள் நுழைவதில்லை. மாயக் கம்பளம் என்று பிள்ளைகள் அழைக்கும் நகரும் நாடாவில் நின்றால் அது அவர்களை மெல்ல மேலே ஏற்றிவிடுகிறது. கம்பளத்தில் நிற்க வேண்டியதுதான். எதையும் பிடிக்க வேண்டியதில்லை, எதிலும் தாவி உட்கார வேண்டியதில்லை. இந்தக் கம்பளம் இல்லாத மலையில் ஐந்து வயதுப் பிள்ளை தன் பலத்தில் பாதியைச் சரிவில் ஏறுவதற்கே செலவழித்து, பத்து மணிக்கே களைத்துப்போவான். ஒரு மலையைத் தெரிவு செய்யும்போது, இந்தச் சாதாரணமான நாடா இருக்கிறதா, எத்தனை இருக்கின்றன என்பதை எல்லாவற்றுக்கும் முன்னர் பார்க்க வேண்டும் என்று இப்போது சொல்வேன்.

மகளையும் மகனையும் வெவ்வேறு குழுக்களில் சேர்த்தார்கள். ஐந்து அரை நாள் குழு வகுப்புக்கு இந்நாட்டு மலைகளில் பொதுவாக 200 முதல் 300 பிராங்க் வரை ஆகும். தனி ஆசிரியருக்கு அந்தத் தொகை இரண்டு, மூன்று மணி நேரத்திலேயே முடிந்துவிடும். குழுவில் பிள்ளை குறைவாகக் கற்பான் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் மகன் ஆசிரியரிடம் கற்றதைவிட, தனக்கு முன்னால் விழுந்து எழுந்த நான்கு வயதுச் சிறுமியிடம் அதிகம் கற்றான்.

முதல் அரை மணி நேரம் அவன் அழுதான். ஆசிரியை என்னிடம் வந்து, நீங்கள் அவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நில்லுங்கள் என்று பணிவாகச் சொன்னார். நான் உணவகத்தின் மூலைக்குப் போய் நின்றேன். வேலிக்கு வெளியே பெற்றோர் நின்று கையசைக்கும்வரை பிள்ளை அழுகையை நிறுத்துவதில்லை என்பது அவருக்கு இருபது வருடத் தொழிலில் தெரிந்திருக்கும். பதினைந்து நிமிடத்தில் அவன் அழுகை நின்றுவிட்டது. எனக்குத்தான் அங்கேயே நிற்பது கடினமாக இருந்தது.

முதற்பாடம் நிறுத்துவது. முன்நுனிகளைச் சேர்த்து, குதிக்கால்களை வெளியே தள்ளி, இரண்டு பலகைகளையும் ஒரு முக்கோணமாக்கி அழுத்தினால் வேகம் குறையும். ஆசிரியை பிள்ளைகளிடம் "பிற்சா, பிற்சா" என்று கூவினார். பெரியவர்கள் அதை ஜெர்மனில் கலப்பை என்கிறார்கள். வெயில் விழும் வாங்கில் கம்பளிப் போர்வையோடு இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு நான் அந்தச் சொல்லை விளக்கினேன். அவர் பனியில் விழுந்த இரட்டைக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓம் பிள்ளை, கொழுவை அழுத்தினால் மாடு நிக்கும்தானே" என்றார். அவருடைய தகப்பனார் நீர்வேலியில் தோட்டம் செய்தவர்.

அம்மா அங்கே இருக்க முடிந்ததை நான் சாதாரணமாக எண்ணவில்லை. கால்நடையாக வருவோரையும் ஏற்றும் கொண்டோலா, வெயில் விழும் வாங்கு, நடப்பதற்கென்று அழுத்திச் செப்பனிட்ட பனிப்பாதை, அருகிலேயே கழிப்பறை. இந்த நான்கும் இருந்தால், சறுக்காத முதியவர் ஒருவர் தன் பேரப்பிள்ளைகளின் முதல் நாளை அவர்களோடு சேர்ந்து காணலாம்.

செவ்வாய்க்கிழமை

நேற்றைய பாடமே இன்றும். மகள் கம்பளத்தை விட்டு மேலே உள்ள, எளிதான பாதையைக் குறிக்கும் நீலப் பாதைக்கு ஏறினாள். மகன் ஏழு முறை விழுந்தான் என்று தானே எண்ணிச் சொன்னான். நாங்கள் சறுக்காதபடியால் பெரியவர்களுக்கு வாரச் சீட்டு வாங்கவில்லை. கால்நடைப் பயணிக்கான கொண்டோலாச் சீட்டு போதுமானதாக இருக்கிறது.

புதன்கிழமை

இரவு முழுவதும் கூரை உறுமியது. விடிந்தபோது வெப்பமானி பத்துப் பாகை காட்டியது. தெற்கு வானம் கண்ணாடி போல் தெளிந்து, மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றன. ஃபோன் காற்று. ஆல்ப்சின் தென்புறத்தில் ஈரத்தை இறக்கிவிட்டு, வடபுறத்துப் பள்ளத்தாக்குகளில் வறண்டும் சூடேறியும் இறங்கும் இந்தக் காற்றுக்கு ஹாஸ்லிப் பள்ளத்தாக்கு பெயர் பெற்றது. 1879இலும் 1891இலும் ஃபோன் வீசிய நாட்களில் பற்றிய நெருப்பில் மைரிங்கன் ஊர் இரண்டு முறை எரிந்து போனது.

மேல்மலை லிஃப்டுகள் எல்லாம் நின்றுவிட்டன. பிள்ளைகளின் வகுப்பு பிட்மியில் பத்து மணிக்குப் பதிலாகப் பதினொரு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கே முடிந்தது. வாரச் சீட்டு வாங்கியவர்கள் கொண்டோலா நிலையத்தில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். இங்கே ஓர் உண்மையான இடர்ப்பாடு இருக்கிறது. முன்கூட்டி வாங்கினால் மலிவு என்பது இப்போது பல மலைகளின் நடைமுறை. சில இடங்களில் விமானச் சீட்டைப் போல நாளுக்கு நாள் விலை மாறுகிறது. ஆனால் முன்கூட்டி வாங்கியவர் வானிலையின் ஆபத்தையும் தானே வாங்கிக்கொள்கிறார். காற்றில் ஒரு பகுதி மூடப்பட்டால் பணம் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தொடக்கநிலைப் பிள்ளைகள் உள்ள குடும்பம் இரண்டு நாளுக்கு வாங்கி, பிறகு வானிலை அறிக்கையைப் பார்த்து அடுத்த இரண்டு நாளுக்கு வாங்குவதே நல்லது என்பது என் எண்ணம். கொஞ்சம் கூடச் செலவானாலும் மன நிம்மதி இருக்கும்.

பருவச் சீட்டுகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2016இல் சாஸ்-ஃபே என்ற மலை ஊர் பருவம் முழுவதற்குமான சீட்டை 222 பிராங்குக்குத் தருவதாக அறிவித்து, இந்நாட்டின் விலைகளையே அசைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு மேற்குச் சுவிசின் 25 மலைகள் சேர்ந்து மேஜிக் பாஸ் என்ற பொதுப் பருவச் சீட்டைத் தொடங்கின. இன்று அதில் இன்னும் பல மலைகள் சேர்ந்திருக்கின்றன. வசந்த காலத்திலேயே வாங்குவோருக்கு அது மலிவு. ஆனால் ஆண்டுக்கு ஐந்து நாள் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு அது மிச்சமாகாது. வார இறுதிகளில் திரும்பத் திரும்பப் போகும் குடும்பத்துக்குத்தான் அது பொருந்தும்.

மதியத்துக்குப் பின் காற்றுக்கு ஒதுக்கமான பாதையில் கோல்டர்ன் வரை நடந்தோம். அங்கே மரவீடுகளாகப் பரந்து கிடக்கும் ஒரு பள்ளி இருக்கிறது, எக்கோல் துமானித்தே என்று பெயர். ஜெர்மனியில் நாற்சிகளின் ஆட்சியைச் சகிக்க முடியாமல் 1934இல் சுவிசுக்கு வந்த பௌல் கேஹேப், ஏடித் கேஹேப் தம்பதியர், பல இடங்களில் அலைந்த பிறகு, 1946இல் இந்த ஊரில் தங்கள் பள்ளியை நிலைநிறுத்தினார்கள். ஜெர்மனியில் அவர்கள் முன்னர் நடத்திய பள்ளிக்கு 1930இல் இரவீந்திரநாத் தாகூர் வந்திருக்கிறார். இவற்றைப் பள்ளியின் பெயர்ப்பலகையின் முன் நின்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஊரை விட்டு வந்தவர்கள் இந்த மலையில் முன்னரும் இடம் பிடித்திருக்கிறார்கள் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும் என்றே நினைக்கிறேன்.

வியாழக்கிழமை

காற்று நின்று, இரவில் பத்துச் சென்ரிமீட்டர் புதிய பனி விழுந்திருந்தது.

வகுப்பு முடிந்து மதியம் மகள் என்னிடம் வந்து, "அம்மா, நீங்களும் வாங்கோ" என்றாள். அரை நாளுக்கு ஸ்கீயும் சப்பாத்தும் தலைக்கவசமும் வாடகைக்கு எடுத்தேன். நாற்பத்து நான்கு வயதில், மாயக் கம்பளத்தில், எனக்கு முன்னும் பின்னும் என் இடுப்பளவு உயரமுள்ள பிள்ளைகள் நிற்க, மேலே போனேன்.

மகள் பின்னோக்கிச் சறுக்கியபடியே எனக்கு முன்னால் இறங்கி, என் பலகைகளின் நுனிகளைத் தன் கைகளால் பிடித்துச் சேர்த்தாள். பாரத்தைப் பின்னால் வைக்காதீர்கள், கணைக்கால் எலும்பைச் சப்பாத்தின் நாக்கில் சாய்த்து முழங்காலை மடியுங்கள், காலடியைப் பார்க்காமல் போகும் இடத்தைப் பாருங்கள் என்று, நான்கு நாட்களில் தான் கற்ற எல்லாவற்றையும் ஆசிரியையின் குரலிலேயே எனக்குச் சொன்னாள். பயந்தவர் பின்னால் சாய்கிறார்; பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பனியைப் பிடிக்காது; பிடிக்காவிட்டால் வேகம் கூடும். பயமே வேகத்தைக் கூட்டுகிறது என்பதை என் உடம்பு நாலாவது முறை விழுந்தபோதுதான் ஏற்றுக்கொண்டது. ஆறாவது இறக்கத்தில் வேலிக்கு ஐந்து மீட்டர் முன்னால், நான் நினைத்த இடத்தில் நின்றேன். மகள் எதுவும் சொல்லாமல் தன் கையுறையால் என் கையுறையில் தட்டினாள்.

பாதுகாப்பைப் பற்றி ஆசிரியை பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்ததை மகள் கொண்டோலாவில் எங்களுக்கு ஒப்புவித்தாள். சர்வதேசச் சறுக்குச் சம்மேளனத்தின் நடத்தை விதிகள் பத்து. அவற்றில் பெற்றோர் மறக்கக் கூடாதது, முன்னால், அதாவது கீழே, இருப்பவருக்கே முன்னுரிமை என்பது. மேலே இருந்து வருபவர்தான் விலகிச் செல்லும் வழியைத் தெரிந்தெடுக்க வேண்டும். பாதையின் நடுவிலோ குறுகலான இடத்திலோ நின்று ஓய்வெடுக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. காப்புறுதியைப் பற்றி நான் சேர்த்துக்கொள்கிறேன்: ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்பவருக்கு, ஓய்வு நேர விபத்துகளும் இந்நாட்டுச் சட்டப்படி காப்புறுதியில் அடங்குகின்றன. பிள்ளைகளுக்கும், வேலையை விட்டு இருக்கும் பெரியவர்களுக்கும், நோய்க் காப்புறுதியில் விபத்துப் பகுதி சேர்ந்திருக்கிறதா என்று புறப்பட முன்னர் பார்க்க வேண்டும். அம்மாவின் ஒப்பந்தத்தை நான் டிசம்பரில் எடுத்துப் பார்த்தேன்; சேர்ந்திருந்தது. ரேகா மீட்பு உலங்குவானூர்தியின் 1414 என்ற இலக்கம் எங்கள் இருவரின் கைப்பேசியிலும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை

பத்தரை மணிக்குப் பிள்ளைகளின் போட்டி. குச்சிகள் நட்ட சரிவில் இலக்கச் சட்டை அணிந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். மகன் மூன்றாவது குச்சியைத் தவறவிட்டு, நின்று, திரும்பிப் பார்த்து, பக்கவாட்டில் படிப்படியாக ஏறிப் போய், அதைச் சுற்றிவிட்டுத்தான் இறங்கினான். அவன் வந்து சேரும்வரை எல்லோரும் கைதட்டிக்கொண்டு நின்றார்கள். மகளின் குழு மேகிஸ்அல்ப் பக்கத்து நீலப் பாதையில் இறங்கியது. இருவருக்கும் பதக்கமும், சுவிஸ் ஸ்கீப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே படிநிலைகளோடு வழங்கும் சிறு புத்தகத்தில் நீல நிலைக்கான முத்திரையும் கிடைத்தன. அடுத்த முறை வேறு மலைக்குப் போனாலும், அந்தப் புத்தகத்தைக் காட்டினால் சரியான குழுவில் சேர்த்துக்கொள்வார்கள்.

பிற்பகலில் கணவரும் நானும் குசினி மேசையில் கணக்குப் பார்த்தோம். வீட்டு வாடகை பாதியை நெருங்குகிறது. அடுத்தது ஸ்கீப் பள்ளி. மூன்றாவதாகப் பருவ வாடகையும் உடையும்; அதில் மார்ச் லாகரின் பங்கும் அடங்கும். மலைச் சீட்டுகள் நாலாவது இடத்துக்கு வந்தது எங்களுக்கே வியப்பாக இருந்தது. மலைகளை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது சீட்டின் விலையை. சறுக்கப் பழகும் குடும்பத்துக்கு அதைவிட வீட்டின் விலையும் பள்ளியின் தரமும்தான் பெரிய கணக்கு. கணவர், ஒரே தொகைக்குக் கிறிண்டெல்வால்டில் மூன்று நாள் இருந்திருக்கலாம் என்று சொன்னார். மூன்றாம் நாளில் மகன் இன்னும் விழுந்துகொண்டிருந்தான் என்று நான் சொன்னேன்.

ஹாஸ்லிபெர்க்கில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ரொய்ட்டிக்கு இறங்கும் பாதை ஃபோனுக்குப் பிறகு புல்லும் மண்ணுமாகிவிட்டது. புதிய பனியும் அதை மூடப் போதவில்லை. மகள் நன்றாகச் சறுக்கத் தொடங்கிய பிறகு, வீட்டு வாசல் வரை இறங்க வேண்டும் என்று ஆசைப்படுவாள். அப்போது கிறேகனின் உயரத்தையும் அந்த நீண்ட பயணத்தையும் மீண்டும் எடைபோட வேண்டும். இன்னொன்றையும் குறித்து வைத்திருக்கிறேன்: பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்காகச் சுவிஸ்-ஸ்கீ அமைப்பு ஜனவரியில் லெங்க்கில் நடத்தும் யூஸ்கிலா என்ற முகாம். 1941இல் தொடங்கியது, நாடு முழுவதில் இருந்தும் ஏறக்குறைய 600 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, மிகக் குறைந்த செலவில் ஒரு வாரம் வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் சமூகத்துப் பெற்றோரில் மிகச் சிலருக்கே இது தெரியும் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் தன் பையில் இருந்து அந்தப் படிவத்தை எடுத்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்து கழற்றி, எங்களுக்குச் சொல்லாமலே கொண்டுவந்திருக்கிறாள். நடுக்கட்டத்தில் ஒரு குறி இட்டுவிட்டு, பெற்றோர் கையொப்பம் இட வேண்டிய கோட்டின் மேல் பேனையை வைத்து, அதை என் பக்கமாகத் தள்ளினாள்.